தெருவைப் பார்த்து வாகனம்

தம்மம்பட்டியில் வாகனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காரும் லாரியும் அல்ல. குதிரை, சிம்மம், யாளி, அன்னம், ரிஷபம். சிற்பிகளின் பட்டறைகள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தால் உளிச் சத்தம் காதில் விழும். வாகை மரச் செதில்கள் காலுக்கடியில் நெறுநெறுக்கும். பாதி செதுக்கிய குதிரை ஒன்று முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு திண்ணையோரம் நிற்கும். புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. எத்தனையோ ஊர்களில் சாமி வீதி உலா வருவது எங்கள் ஊர்க் கைகள் செதுக்கிய வாகனத்தின் மேல்தான்.

திருவிழாவில் சாமி எல்லா நாளும் ஒரே வாகனத்தில் வருவதில்லை. ஒரு நாள் அன்னம், ஒரு நாள் யானை, ஒரு நாள் குதிரை, பிறகு தேர். எனக்குத் தெரிந்த ஒரு சிற்பி, வாகனம் செய்யச் சொல்லி வருகிற கோயில்காரர்களிடம் விலை பேசும் முன் இரண்டு கேள்வி கேட்பார். “உங்க வீதி எவ்வளவு அகலமுங்க? தூக்கறதுக்கு எத்தனை பேர் இருப்பாங்க?” அந்தப் பதில்களை வைத்துத்தான் அளவை முடிவு செய்வார். குறுகலான தெருவுக்குப் பெரிய யானையைச் செய்து கொடுத்தால் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். தூக்க ஆளில்லாத ஊருக்குக் கனத்த மரத்தில் செய்தால் சாமி மண்டபத்தை விட்டே இறங்காது.

இந்தக் கேள்விகளைப் பயணத்துக்கும் பொருத்திப் பார்க்க வைத்தவள் என் அண்ணன் மகள். இத்தாலியில் போலோன்யா நகரத்தில் படிக்கிறாள். ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி போன் செய்தாள். “சித்தப்பா, சனிக்கிழமை ஆனா ஒரு ஊரைப் பார்த்துட்டு ராத்திரிக்கே ரூமுக்குத் திரும்பிடணும்னு ஆசையா இருக்கு. கூடப் படிக்கிறவங்க சேர்ந்து கார் வாடகைக்கு எடுக்கலாம்ங்கறாங்க. நான் ரயில்ல போலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?”

எனக்கு அந்த நாட்டு ரயிலும் தெரியாது, ரோடும் தெரியாது. ஆனால் காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பும் பயணங்களை நான் நிறையச் செய்திருக்கிறேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கு விடுமுறை ஒற்றை ஒற்றை நாளாகத்தான் வாய்க்கிறது. அந்த வருஷம் அடுத்தடுத்துச் செய்த மூன்று பயணங்களைப் பற்றி அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த வருஷம் அவளைப் பார்க்க நானே போனபோது, சொன்னது சரியா என்று அங்கேயும் சோதித்துப் பார்த்தோம்.

தம்மம்பட்டிக்கு ரயில் கிடையாது. ஒருபக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை, நடுவில் சுவேத நதிக்கரையில் ஊர். வடக்கே கெங்கவல்லி வழியாக ஆத்தூருக்கு ஒரு சாலை, தெற்கே துறையூருக்கு ஒன்று, மேற்கே முள்ளுக்குறிச்சி, நாமகிரிப்பேட்டை வழியாக ராசிபுரத்துக்கு ஒன்று. ரயில் ஏற வேண்டுமென்றால் ஆத்தூருக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். இல்லாவிட்டால் ராசிபுரம், அதுவும் இல்லாவிட்டால் சேலம். அதனால் எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை ரயிலில் ஏறாமலே பத்து வயது வரை வளர்ந்துவிட முடியும். என் மகன் அப்படித்தான் வளர்ந்தான். கொண்டை ஊசி வளைவில் பஸ் எப்படித் திரும்பும் என்பது அவனுக்கு மனப்பாடம். தண்டவாளத்தைப் பாடப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தான்.

முதல் பயணம் அவனுக்காக. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி கரை தொட்டு ஓடிய நேரம். மோகனூருக்குப் போய் ஆற்றைப் பார்த்து வரலாம் என்று முடிவு. தம்மம்பட்டியிலிருந்து நாமக்கல் போய் மோகனூருக்குக் காரிலேயே போயிருக்கலாம். ஆனால் காவிரியை ரயில் பாலத்தின் மேலிருந்து அவன் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ராசிபுரம் வரை காரில் போய், வண்டியை ஸ்டேஷனில் விட்டுவிட்டு, சேலம்–கரூர் பாசஞ்சரில் ஏறினோம்.

அந்தப் பாதையின் கதையை ஏறியதும் அவனுக்குச் சொன்னேன். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பாதை 1860-களின் தொடக்கத்திலேயே சேலத்தைத் தொட்டுவிட்டது. சேலத்துக்குத் தெற்கே இருக்கிற நாமக்கல்லுக்கு முதல் ரயில் வந்தது 2013 மே மாதம். நூற்றைம்பது வருஷக் காத்திருப்பு. 1997-இல் மாவட்டத் தலைநகரான ஊர், நாடு முழுக்க ஓடும் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் ஊர், கணித மேதை ராமானுஜனின் குடும்பம் கும்பிட்ட நாமகிரித் தாயார் குடியிருக்கும் ஊர். அங்கே அதுவரை ரயில் சத்தமே கேட்டதில்லை. அதற்கு முன்பு சேலத்திலிருந்து கரூருக்கு ரயிலில் போக வேண்டுமானால் ஈரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இந்த 85 கிலோமீட்டர் பாதை வந்த பிறகுதான் நேர்வழி கிடைத்தது.

மகன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். புதுச்சத்திரம், களங்காணி, கோழிப்பண்ணைகளின் நீள நீளமான கூரைகள், நாமக்கல் கோட்டைப் பாறை. எதிர் சீட்டில் கரூருக்குப் போகும் ஒரு பாட்டி, பையிலிருந்து நெல்லிக்காயை எடுத்து, “சாப்புடு கண்ணு” என்று அவன் கையில் திணித்தார். மோகனூர் வந்ததும் நாங்கள் இறங்கவில்லை. அதைத் தாண்டி ஆற்றைக் கடந்து வாங்கலில் இறங்கினோம். பாலத்தின் மேல் சக்கரச் சத்தம் மாறியதும் பெட்டியில் பேச்சு தானாக நின்றது. கீழே கரையிலிருந்து கரை வரை கலங்கிய செந்நீர். வயதான இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மகனும் கும்பிட்டான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாங்கலிலிருந்து பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி மோகனூர் வந்து, காவிரியைப் பார்த்தபடி இருக்கும் அசலதீபேசுவரர் கோயிலுக்குப் போய், படித்துறையில் கால் நனைத்தோம். சாயங்கால ரயிலில் மறுபடி ராசிபுரம். அன்றைக்குக் கார் ஓட்டியது கொஞ்ச நேரம்தான். பாக்கி நேரமெல்லாம் என் கண்ணும் கையும் பேச்சும் மகனோடு இருந்தன. ரயில் கொடுக்கும் பெரிய வரம் இதுதான் என்று எனக்குப் பட்டது. வண்டி ஓட்டுகிறவருக்கும் அன்றைக்கு லீவு கிடைக்கிறது.

இரண்டாவது பயணம் கொல்லிமலை. குடும்பத்தில் ஐந்து பேரும் கிளம்பினோம். இதற்கு ரயிலை யோசிக்கவே இடமில்லை. மலையின் முதுகை எங்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம், ஆனால் ஏறுவதற்குச் சாலை சுற்றித்தான் போகும். நாங்கள் போனது சேந்தமங்கலம் பக்கம், காரவள்ளி வழி. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார்கள். முப்பதைத் தாண்டியதும் என் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மலை ஓட்டத்தில் எனக்கு என் அப்பா சொல்லிக்கொடுத்த மூன்று விதிகள் உண்டு. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பாதியில் நின்று மறுபடி ஏற்றத்தில் எடுப்பதுதான் கஷ்டம். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். வேகத்தை என்ஜின் பிடிக்கட்டும், பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி அது கைவிட்டுவிடும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்து, பதில் ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் கொல்லிமலைச் சாலை பயமுறுத்தாது. ஆனால் ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு எதிரே வரும் வளைவைத் தவிர எதுவும் மிச்சமிருக்காது. மற்றவர்கள் பார்த்த பள்ளத்தாக்கை நான் அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இருந்தாலும் அன்றைக்குக் கார்தான் சரி. மேலே ஏறின பிறகு ஊர் ஒரே இடத்தில் இல்லை. வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேடு ஒரு பக்கம், சோளக்காட்டுச் சந்தை ஒரு பக்கம், அறப்பளீசுவரர் கோயில் இன்னும் தொலைவு. சோளக்காட்டில் பலாச்சுளை வாங்கிக்கொண்டோம். மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு அடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போனவர்கள் நானும் பிள்ளைகளும் மட்டும். முட்டிவலிக்காரரான என் அம்மா கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் வந்திருந்தால் பிள்ளைகள் மேலே ஏறி வரும் வரை அந்த பஸ் நின்றிருக்காது. மழைத் தூறல் விழுந்ததும் வண்டிக்குள் அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்த முடிந்தது. வயசானவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து போகும் பயணத்தில் கார் என்பது நம் கூடவே நகரும் திண்ணை மாதிரி.

திரும்பும்போது அம்மா கேட்டார், “அந்தத் தண்ணியெல்லாம் கீழ எங்கப்பா போவுது?” ஐயாறு என்று அதற்குப் பெயர், மலையடிவாரத்தில் புளியஞ்சோலைக்கு வந்து சேர்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு துறையூர்ச் சாலை வழியே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பாறைகளுக்கு நடுவே ஓடும் அந்தத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். படி இறங்காமலே அருவியைத் தொட்டுவிட்டார்.

செலவை எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும். 200 கிலோமீட்டர் சுற்றினால் பெட்ரோலுக்கு மட்டும் 1,400 ரூபாய் போல ஆகிறது. ஐந்து பேர் என்றால் தலைக்கு 280. ஒருவரே போனால் முழுதும் ஒருவர் தலையில். ரயிலில் கணக்கு வேறு மாதிரி. சாதாரண பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு ரயிலுக்குப் பக்கத்தில் எதுவும் வர முடியாது. 2021 முதல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸையும் ரயிலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கையில் ஐம்பது ரூபாயோடு ஒரு ஊரைப் பார்த்துத் திரும்பலாம். கூட வருகிறவர்களின் எண்ணிக்கை கூடக் கூடத் தராசு காரின் பக்கம் சாய்கிறது.

மூன்றாவது பயணம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. விருத்தாசலத்தில் விருத்தகிரீசுவரரைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. கார் வேண்டாம், ரயிலில் போகலாம் என்று நானே சொன்னேன். எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, காலை நீட்டி உட்காரலாம், முட்டி மடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஆத்தூர் வரை டவுன் பஸ். அங்கே பேருந்து நிலையத்தில் இறங்கி, ரயில் நிலையத்துக்கு ஆட்டோ.

சேலம்–விருத்தாசலம் பாதை வெகுகாலம் மீட்டர் கேஜாக இருந்தது. அம்மா சின்ன வயசில் அந்த ரயிலில் போயிருக்கிறார். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் அது அகலப் பாதையாக மாறியது. “அப்பல்லாம் புகை வரும். முகமெல்லாம் கரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் ஜன்னல் சட்டத்தைத் துடைத்தார். வடக்கே கல்வராயன் மலை கூடவே வந்தது. தலைவாசல், சின்னசேலம். மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு, இடையில் பருத்தி. எந்த நிலத்தில் எது விளைகிறது என்று சாலையிலிருந்து பார்த்தால் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் மறைத்துவிடும். ரயில் ஊருக்குப் பின்பக்கமாக, கிணற்றுமேட்டையும் களத்தையும் ஒட்டிப் போகிறது. விவசாயக் குடும்பத்தில் பிறந்த அம்மா ஒவ்வொரு வயலுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தார்.

விருத்தாசலம் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருக்கும் என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து கொடிமரம். தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையார் சன்னதியில், அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் நூறு பிள்ளையாரைப் பார்த்தவர், அங்கே ரொம்ப நேரம் நின்றார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்டேஷன் வாசலுக்கு வந்தபோது எங்கள் ரயில் கிளம்பியிருந்தது.

அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்குத் தோதான அடுத்த ரயில் அன்றைக்கு இல்லை. பஸ் நிலையத்துக்குப் போய், சேலம் போகும் பஸ்ஸில் ஏறி ஆத்தூரில் இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டது. நான் வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் சமாதானம் சொன்னார். “ரயிலு நமக்காக நிக்கணும்னு என்ன இருக்குது? அந்த நேரம் புள்ளையாருகிட்ட நின்னனே, அது போதும்.”

அன்று ராத்திரி அண்ணன் மகளுக்குச் சொன்னேன். “எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும்னு மட்டும் பாக்காத கண்ணு. தவறவிட்டா அடுத்தது எப்பன்னு பாரு. அப்புறம், இறங்கின இடத்துலருந்து நீ பாக்கப் போற இடம் எவ்வளவு தூரம்னு பாரு. கூட யார் வர்றாங்கன்னு பாரு. இந்த மூணும் தெரிஞ்சா ரயிலா காரான்னு தானா தெரிஞ்சிடும்.”

அடுத்த வருஷம் வசந்த காலத்தில் நான் போலோன்யாவில் இருந்தேன். பையில் எங்கள் தெருச் சிற்பி செதுக்கிக் கொடுத்த கையளவு வாகை மரப் பிள்ளையார். சேலம் ஜங்ஷன் போலவே போலோன்யாவும் நாலாபக்கமும் பாதை பிரியும் சந்திப்பு. அதிவேக ரயில்களுக்காகப் பூமிக்கு அடியில் தனியாக நடைமேடைகள் கட்டியிருக்கிறார்கள். அவை திறந்தது 2013 ஜூனில் என்று அவள் சொன்னபோது மனசு நாமக்கல்லுக்குப் போய்விட்டது. ஒரு மாத இடைவெளியில், ஒரு ஊருக்கு முதல் ரயில் வந்தது. இன்னொரு ஊருக்கு ரயில் வைக்க மேலே இடம் போதாமல் பாதாளத்துக்குப் போனார்கள்.

முதல் சனிக்கிழமை ரவென்னா. அங்குள்ள பழைய தேவாலயங்களின் சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த சித்திரங்கள், ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு வேலை. 1996-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. போலோன்யாவிலிருந்து வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வட்டார ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம், எப்போது வாங்கினாலும் ஒரே கட்டணம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகித் தேதி குத்திக்கொள்ள வேண்டும், மறந்தால் அபராதம். அதிவேக ரயிலில் ஏற்பாடு வேறு. இருக்கை எண்ணோடு முன்பதிவு, முந்தி வாங்கினால் மலிவு, கடைசி நேரத்தில் வாங்கினால் கூடுதல்.

ரவென்னாவில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நடக்கத் தொடங்கினோம். பார்க்க வேண்டியவை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். சான் விதாலே தேவாலயத்தில் அந்தப் பச்சையையும் பொன்னையும் அண்ணாந்து பார்த்தபடி நேரம் போனது தெரியவில்லை. விருத்தாசலம் நினைவு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். “இது போனா அடுத்தது இருக்கு சித்தப்பா” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் நாள் லேசாகிவிட்டது. அடிக்கடி ரயில் இருப்பதால் வரும் சுதந்திரத்துக்குக் கார்ச் சாவி கையில் இருப்பதால் வரும் சுதந்திரம் ஈடாகாது. சாவியைக் கையில் வைத்திருக்கிறவர் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதையும் மனசில் சுமக்கிறார்.

அங்கே அந்தச் சுமை இன்னும் பெரிது. இத்தாலியின் பழைய நகரங்களின் நடுப்பகுதிகளில், அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும். வாடகைக் கார் என்றால் அபராதச் சீட்டு மாதங்கள் கழித்துக்கூட வீடு தேடி வரும். நம் ஊர் லைசென்சோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அது இங்கேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போகக் கூடியது. சிங்க்வே தெர்ரே என்று கடலோரப் பாறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து கிராமங்கள் உண்டு. அங்கே வண்டி நிறுத்த இடமே அரிது; லா ஸ்பெசியாவிலிருந்து ரயிலில் போனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் பக்கத்திலேயே இறங்கலாம். ஃப்ளோரன்சும் அப்படியே. அதிவேக ரயில் மலையைக் குடைந்து போலோன்யாவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்கிறது. இங்கெல்லாம் கார் பாரம்தான்.

இரண்டாவது வாரம் சான் மரீனோ. இத்தாலிக்கு நடுவே மலையுச்சியில் இருக்கும் குட்டி நாடு. அவளுடைய தோழி காரில் கூட்டிப் போனாள். மலைச்சாலை வளைந்து வளைந்து ஏறியபோது நான் என்னை அறியாமல் கொண்டை ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு பழைய குகைப் பாதையைக் காட்டினார்கள். ரிமினியிலிருந்து அந்த மலைக்கு 1932-இல் மின்சார ரயில் விட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம்தான் ஓடியது. 1944-இல் போரில் குண்டு விழுந்து பாதை சிதைந்தது. அந்த ரயில் குகைகளுக்குள்தான் மக்கள் உயிர் பிழைக்க ஒதுங்கியிருந்தார்கள். பிறகு ரிமினியிலிருந்து ரயில் திரும்ப வரவே இல்லை. இன்றைக்கும் ரிமினியில் இறங்கி பஸ்ஸிலோ காரிலோதான் ஏற வேண்டும். ஒரு ஊருக்கு ரயில் வருவதற்கும் வராமல் போவதற்கும் பின்னால் எத்தனை பெரிய காரணங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் ஊர்பினோ. இந்த ஊரைத்தான் நான் மறக்கப்போவதில்லை. ஓவியர் ரஃபேல் 1483-இல் பிறந்த ஊர் அது. ஊர்பினோவுக்கும் ரயில் கிடையாது. முன்பு இருந்த கிளைப் பாதையிலும் 1987-இல் பயணிகள் ரயில் நின்றுவிட்டது. போலோன்யாவிலிருந்து கடற்கரையோரம் பெசாரோ வரை ரயில், அங்கிருந்து மேட்டு நிலத்தின் வழியே பஸ். கோட்டைச் சுவருக்குக் கீழே பஸ் இறக்கிவிட்டது. செங்கல் பாவிய செங்குத்தான தெரு ஒன்றில் ஏறினால் ரஃபேல் பிறந்த வீடு. அவருடைய அப்பாவும் ஓவியர். வீட்டோடு சேர்ந்தே பட்டறை. முற்றத்தில் ஒரு கல் இருக்கிறது, வண்ணப் பொடி அரைத்த கல் என்று சொன்னார்கள்.

அந்தக் கல்லின் முன் நிற்கும்போது எனக்கு எங்கள் தெரு கண்ணில் வந்தது. வீட்டு முன்புறம் பட்டறை, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து உளி பிடிக்கும் பிள்ளை, மலைக்கு நடுவில் ரயில் எட்டாத ஒரு ஊர். உலகமெங்கிலுமிருந்து ஆட்கள் இரண்டு வண்டி மாறி ஊர்பினோவுக்கு வருகிறார்கள். ரயில் இல்லாதது அந்த ஊருக்கு வருகிறவர்களைத் தடுக்கவில்லை. ஸ்டேஷன் பக்கமே பஸ் ஏறலாம். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ரயிலை விட்டு இறங்குகிறவர் யாரையும் விசாரிக்காமல் மேலே போய்ச் சேர்ந்துவிட முடிகிறது. ஓர்வியேட்டோ என்ற இன்னொரு மலை ஊரில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கம்பிவட இழுவை ரயில் காத்திருந்து மேலே தூக்கிக்கொண்டு போகிறது என்று அவள் சொன்னாள். கடைசி சில கிலோமீட்டர்களை யோசித்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே ரயிலை நம்பிக் கிளம்ப முடிகிறது.

எங்கள் ஊருக்குத் தண்டவாளம் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் ஆசைப்படுவது அதைவிடச் சின்னது. ஆத்தூரில் காலை ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் தம்மம்பட்டி என்று பலகை போட்ட ஒரு பஸ் நிற்க வேண்டும். சாயங்கால ரயிலுக்கு முன்னால் இங்கிருந்து ஒரு பஸ் அங்கே போய்ச் சேர வேண்டும். அது நடந்தால், முட்டிவலிக்கார அம்மாக்கள் ஆட்டோ பேரம் இல்லாமல் ஊர் பார்க்கப் போவார்கள். சிற்ப வேலை பார்க்க ஆசைப்படும் யாரோ ஒருவர் சென்னையிலிருந்து ரயிலில் வந்து, உளிச் சத்தம் கேட்டு, ஒரு பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கே திரும்புவார்.

ஊருக்குத் திரும்பி வந்த மறுநாள் சிற்பியின் பட்டறைக்குப் போனேன். வண்ணம் அரைத்த கல்லைப் பற்றிச் சொன்னபோது உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பக்கத்தில் ஒரு சிம்ம வாகனம் வேலை முடிந்து நின்றது. ஏதோ ஒரு கிராமத்துக் கோயிலுக்கு, சின்னதாக, அடக்கமாக. “அங்க தெரு சின்னதுங்க. தூக்கறவங்களும் எட்டுப் பேருதான். அதுக்குத் தகுந்த மாதிரி உடம்பைக் குடைஞ்சு கனத்தைக் குறைச்சிருக்கேன்” என்று அதன் முதுகைத் தடவினார். “எவ்வளவு பெருசுன்னு யாரும் பாக்க மாட்டாங்க. எல்லா வீட்டு வாசல்லயும் சாமி நின்னுச்சான்னுதான் பாப்பாங்க.”

சாயங்காலம் அண்ணன் மகளுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை எங்கே என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள். “மொதல்ல தெரு எப்படின்னு பாக்கணும் சித்தப்பா” என்றாள்.